பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

புது மொபைல் வீட்டுக்கு வந்ததும் முதலில் குப்பைக்குப் போவது அதன் அட்டைப் பெட்டி. அடுத்தது பில். ஸ்கிரீனில் கீறல் விழாமல் இருக்க கண்ணாடி ஒட்டி, பின்னால் கவர் மாட்டி, அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவர்கள்கூட இந்த இரண்டையும் வைத்துக்கொள்வதில்லை. போன் தொலைந்தாலும், பழுதானாலும், போலீஸ் ஸ்டேஷன் போனாலும், நுகர்வோர் ஆணையம் போனாலும் முதலில் கேட்கப்படுவது இவைதான்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் 15 இலக்கத்தில் ஓர் எண். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண்கள். ஐ.எம்.இ.ஐ. என்பது இதுதான். கடையிலேயே போனை ஆன் செய்து *#06# என்று அழுத்தினால் அதே எண் திரையில் வரவேண்டும். திரை, பெட்டி, பில் மூன்றிலும் ஒரே எண்ணா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். சந்தேகம் என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடம் விட்டு, 15 இலக்கத்தையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினாலும் போதும். அந்த எண் உண்மையில் எந்தக் கம்பெனியின் எந்த மாடலுக்கு உரியது, முடக்கப்பட்டதா, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதா என்று பதில் வரும். ‘செகண்ட் ஹேண்ட்’ வாங்குபவர்கள் இதைச் செய்யாமல் வாங்கவே கூடாது. திருட்டு போனின் எண்ணை மாற்றி விற்பது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். விவரம் தெரியாமல் வாங்கினவரும் ஸ்டேஷனுக்கு அலையத்தான் வேண்டும்.

“பில் வேணாம்னா ஆயிரம் குறைச்சுத் தர்றேன் சார்” என்று ஒரு குரல் கேட்கும். மொபைலுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதை மறைப்பதில் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபத்தில் ஒரு துண்டு உங்களுக்கு. ஆனால் பில் இல்லை என்றால் வாரன்டியும் சந்தேகம், புகாரும் சந்தேகம். பில் தராமல் விற்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது’ என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதற்கும் அந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற்றாக வேண்டும். பில்லில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள். குறையுள்ள பொருள் என்பதைக் கவனியுங்கள். கலர் பிடிக்கவில்லை, மச்சான் வேறு மாடல் சொன்னான் என்பதெல்லாம் இதில் சேராது.

ஒரு சின்ன விஷயம்: பல கடைகளில் பில் வருவது வழவழப்பான தெர்மல் காகிதத்தில். சில மாதங்களில் எழுத்து வெளிறிப் போகும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள்.

பழையது ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது தேவையா? ஓரிடத்தில் தேவை. கம்பெனி பாதுகாப்பு அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்ட போனில் வங்கி வேலைகள் பார்ப்பது ஆபத்து. ஓட்டைகள் தெரியவந்தாலும் அடைக்க ஆள் இல்லை. வங்கி ஆப்களே ஒரு கட்டத்துக்குமேல் பழைய ஆண்ட்ராய்டில் ஓட மறுக்கும். அதனால் புது போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று கேளுங்கள். கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு என்று அறிவித்தார்கள். விலை குறைந்த மாடல்களில் அது பெரும்பாலும் சில ஆண்டுகள்தான். மற்றபடி பேட்டரி மட்டும் பலவீனம் என்றால் பேட்டரியை மாற்றினால் போதும்.

அடுத்து ‘வட்டியில்லா’ தவணை. கிரெடிட் கார்டில் 24,000 ரூபாய் போனை மாதம் 2,000 வீதம் 12 மாதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வங்கி வட்டியை விட்டுக்கொடுப்பதில்லை. ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்றால், கம்பெனியோ கடையோ விலையில் 1,840 ரூபாய் போலக் கழித்துக்கொண்டு, அதையே நீங்கள் வட்டியாகக் கட்டும்படி கணக்கை அமைத்திருப்பார்கள். அந்த வட்டிமீது 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 330 ரூபாய் உங்கள் தலையில். பிராசஸிங் கட்டணம் தனி. ரொக்கம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போச்சு. கடையிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் எடுத்தால், கையெழுத்துக்கு முன் ‘முக்கிய விவர அறிக்கை’யைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஆபத்து வட்டியைவிட ஆட்டோ டெபிட்டில். கணக்கில் நூறு ரூபாய் குறைந்தாலும் தவணை திரும்பும், அபராதம் விழும், சிபில் மதிப்பெண் அடிவாங்கும். பிறகு வீட்டுக் கடனுக்குப் போகும்போது மேனேஜர் அந்த போன் கடனைத்தான் எடுத்துக் காட்டுவார்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது பழைய போனைக் கொடுக்கும் இடத்தில். எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் இருக்கும் பையன், “லாக் மட்டும் எடுத்துக் குடுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்” என்பான். கொடுத்துவிடுகிறோம். அந்தப் போனில் என்ன இருக்கிறது? கேலரியில் ஆதார், பான், ரேஷன் கார்டு போட்டோ. வாட்ஸ்அப்பில் குடும்பத்தின் மொத்தப் பேச்சு. வீட்டுப் பெண்களின், பிள்ளைகளின் படங்கள். யூ.பி.ஐ. ஆப். அதையெல்லாம் முன்பின் தெரியாதவர் கையில் திறந்து கொடுத்துவிட்டு 1,500 ரூபாய் கழிவு வாங்கி வருகிறோம்.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை இது. வேண்டியதை எல்லாம் பேக்கப் எடுங்கள். யூ.பி.ஐ., வங்கி ஆப்களில் இருந்து வெளியேறுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். இ-சிம் என்றால் புது போனுக்கு மாற்றிவிட்டு இதில் நீக்குங்கள். கூகுள் கணக்கை செட்டிங்ஸில் போய் நீக்கிய பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் அடுத்தவர் ஆன் செய்யும்போது உங்கள் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும், கடையிலிருந்து உங்களுக்கு போன் வரும். ஐபோனில் ‘ஃபைண்ட் மை’யை அணைக்க வேண்டும். கடைசியாக, பழைய போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் தேதியும் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் போன் நாலு கை மாறி ஏதாவது மோசடியில் சிக்கினால் விசாரணை உங்கள் பெயரில் தொடங்கவும் கூடும். இந்தத் தேதியில் கொடுத்துவிட்டேன் என்று காட்ட அந்தத் துண்டுச்சீட்டு மட்டும்தான் சாட்சி.

சர்வீஸ் சென்டரில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு ‘லிக்விட் டேமேஜ்’. போனுக்குள், பல மாடல்களில் சிம் டிரே துவாரத்தின் ஓரமாக, ஒரு குட்டி வெள்ளை ஸ்டிக்கர் உண்டு. ஈரம் பட்டால் சிவக்கும். சிவந்தால் வாரன்டி செல்லாது என்பார்கள். தண்ணீருக்குள் போட்டுக் காட்டும் விளம்பரம் ஒரு பக்கம், இந்த ஸ்டிக்கர் ஒரு பக்கம். ஆஸ்திரேலியாவில் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பதுபோல விளம்பரம் செய்ததற்காக 2022-இல் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எனவே போனை ஒப்படைக்கும்போதே, டிரேயை இழுத்து அந்த ஸ்டிக்கரையும் நான்கு மூலைகளையும் போட்டோ எடுங்கள். ஜாப் ஷீட்டில் ‘உடைப்பு இல்லை, ஈரம் இல்லை’ என்று எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். எழுத மறுத்தால் அதையே ஒரு மெயிலாக அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

போன் திருடுபோனால் முதலில் சிம்மை முடக்குங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அதே எண்ணில் மாற்று சிம் எடுத்துக்கொண்டு, சஞ்சார் சாத்தியில் ஐ.எம்.இ.ஐ. எண், புகார் நகல், பில் மூன்றையும் ஏற்றினால் அந்தப் போன் நாட்டின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. கிடைத்ததும் நீங்களே முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம். கணக்கில் பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவு. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் நேரம்வரை போனது உங்கள் கணக்கில்தான்.

கடையோ கம்பெனியோ இழுத்தடித்தால் 1915-ஐ அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. புகார் எண் கொடுத்து, கம்பெனியிடம் அனுப்பி பதில் வாங்கித் தருவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே போடலாம்; கம்பெனியைத் தேடி வெளி மாநிலம் போகவேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். விற்ற கடை, தயாரித்த கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். இல்லையென்றால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். மூன்று மாதத்தில், சோதனைக்கூடப் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாக்கள் அதைவிட நீளும் என்று எண்ணிக்கொண்டே போடுங்கள். இடையில் இரு தரப்பும் சம்மதித்தால் ஆணையம் சமரசத்துக்கு அனுப்பும். பழுது நீக்கித் தருவதா, மாற்று போனா, பணமா, மன உளைச்சலுக்கு இழப்பீடா, இதில் எது கிடைத்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு அந்த மேசையில் உட்காருங்கள்.