பெயரற்ற பட்டியலும் ஆட்டக்காரர் உரிமையும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைச் சித்திரிக்கும் விடியோ விளையாட்டுகளில், ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் வேகம், வலிமை முதலிய திறன்கள் 99ஐ உச்சமாகக் கொண்ட மதிப்பெண்களால் குறிக்கப்படுகின்றன. 2013 வரை வெளிவந்தவற்றில் ஆட்டக்காரர் பெயர்கள் இல்லை. கல்லூரி ஆட்டக்காரர் தம் புகழால் பொருளீட்டலாகாது என்பது அன்றைய விதி. எனினும் சட்டை எண், உயரம், எடை, ஆடும் நிலை ஆகியவை உண்மை ஆட்டக்காரர்களுடன் பெரிதும் பொருந்தின. அளவுகள் துல்லியமாயின், பெயரின்றியும் ஆள் அடையாளம் காணப்படுவார் அன்றோ?

இதுபற்றி 2009இல் சாம் கெல்லர் என்னும் முன்னாள் ஆட்டக்காரர் வழக்குத் தொடுத்தார். 2014இல் விளையாட்டு குறித்த கோரிக்கைகள் 6 கோடி டாலரில் தீர்க்கப்பட்டன. 2021இல் விதி தளர்ந்தது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில், இசைவளித்த 11,000க்கும் மேற்பட்டோர் சொந்தப் பெயருடன் இடம்பெற்றனர்; அதற்கென 600 டாலரும் விளையாட்டின் பிரதியொன்றும் அளிக்கப்பட்டன.

பெயரை நீக்கிய அட்டவணையும் மனிதரைச் சுட்டக்கூடும் என்பதைக் கணக்கெடுப்போர் நினைவிற் கொள்வாராக.