மிட்டாய்க்காரர் கட்டிய பள்ளிக்கூடம்

குழந்தைகளே! பால் சாக்லேட் என்றாலே நாக்கில் எச்சில் ஊறும், இல்லையா? ஒரு காலத்தில் அது பணக்காரர் பண்டம். அமெரிக்காவில் அதை எல்லோரும் வாங்கித் தின்னும்படி மலிவாக்கியவர் மில்டன் ஹெர்ஷி.

இவர் 1857-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். அப்பா எந்தத் தொழிலிலும் நிலைக்காமல் ஊர் ஊராக மாறினார். மில்டனும் பள்ளி மாறிக்கொண்டே இருந்தார். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அச்சக வேலைக்குப் போனார், அதுவும் நிலைக்கவில்லை. பிறகு ஒரு மிட்டாய்க்காரரிடம் நான்கு ஆண்டுகள் தொழில் பழகினார்.

1876-ல், 18 வயதில், பிலடெல்பியா நகரில் சொந்தக் கடை திறந்தார். ஆறு ஆண்டுகளில் அதை மூட வேண்டியதாயிற்று. அடுத்து நியூயார்க்கில் கடை வைத்தார். அங்கும் நஷ்டம்தான்!

இதற்கிடையே டென்வர் நகரில் ஒரு மிட்டாய்க்காரரிடம் வேலை பார்த்தார். கேரமல் மிட்டாயில் புதுப்பால் சேர்த்தால் ருசி கூடும், சீக்கிரம் கெடாது என்று அங்கே கற்றுக்கொண்டார். தோல்விக் காலத்தில் கிடைத்த அந்தப் பாடம்தான் பின்னால் கைகொடுத்தது.

1886-ல் வெறுங்கையோடு லான்காஸ்டர் ஊருக்குத் திரும்பினார். உறவினர்கள் கடன் தர மறுத்துவிட்டார்கள். அம்மாவும் சித்தியும் மட்டும் துணை நின்றார்கள். இந்த முறை பால் கேரமல் செய்தார். வியாபாரம் அமோகமாக நடந்தது!

1893-ல் சிகாகோ கண்காட்சியில் ஜெர்மானிய சாக்லேட் இயந்திரங்களைப் பார்த்தார், உடனே வாங்கிவிட்டார். 1900-ல் கேரமல் நிறுவனத்தை 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு சாக்லேட்டில் இறங்கினார். பாலில் தண்ணீர் அதிகம். கோக்கோவில் கொழுப்பு அதிகம். இரண்டும் எளிதில் சேருமா? திரும்பத் திரும்பச் செய்து பார்த்துத்தான் வெற்றி கண்டார். பால் பண்ணைகள் நிறைந்த தன் சொந்த மண்ணிலேயே ஆலையும் ஊரும் கட்டினார்.

மில்டனுக்கும் மனைவி கேத்தரினுக்கும் பிள்ளைகள் இல்லை. 1909-ல் இருவரும் அநாதைச் சிறுவர்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். 1915-ல் கேத்தரின் இறந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1918-ல், மில்டன் தன் சாக்லேட் நிறுவனப் பங்குகளை அந்தப் பள்ளிக்கே எழுதி வைத்தார். தம்பட்டம் அடிக்கவில்லை, ஐந்தாண்டுகளுக்குப் பிறகே ஊருக்குத் தெரிந்தது!

1945-ல் மில்டன் மறைந்தார். அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது. சுமார் 2,000 ஏழை மாணவ மாணவியர் அங்கேயே தங்கி இலவசமாகப் படிக்கிறார்கள்.

நான்காம் வகுப்பைத் தாண்டாதவர், ஆயிரமாயிரம் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை ஏற்றிவிட்டார். சாக்லேட்டைவிட இனிப்பான செய்தி இதுதானே, குழந்தைகளே?