ஒரு லட்சம் விலைக்கு 208 பூட்டு

பிட்காயின் வலையமைப்புக்கு வெளியுலகம் தெரியாது. பிட்காயினின் இன்றைய டாலர் விலையை யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்பவருக்கு ஆரக்கிள் என்று பெயர். குறி சொல்பவர் என்று அர்த்தம். ஆனால் இவர் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் வாய் திறப்பார்.

இவரை நம்பிப் பந்தயம் கட்ட, எம்.ஐ.டி.யில் இருந்த தாடியஸ் டிரைஜா 2017-ல் ஒரு வழி சொன்னார். ஆரக்கிள் தன் பொதுச் சாவியையும், அந்த அறிவிப்புக்கென்றே ஒரு புள்ளியையும் முன்கூட்டி வெளியிடுவார். அவற்றை வைத்து, 'விலை 43,712' என்று அவர் நாளை போடக்கூடிய கையெழுத்தின் நிழலை இன்றே கணக்கிடலாம். கையெழுத்து கிடைக்காது, நிழல் மட்டும்தான். பந்தயக்காரர்கள் இருவரும் அந்த நிழலையே பூட்டாக்கி, பட்டுவாடாவைப் பூட்டி வைக்கிறார்கள். நாளை வரும் கையெழுத்துதான் சாவி.

ஆனால் நாளைய விலை எதுவாகவும் இருக்கலாமே! 0 முதல் 99,999 வரை டாலருக்கு ஒரு பூட்டு என்றால் ஒரு லட்சம் பூட்டு. ஒவ்வொன்றையும் ஒருவர் செய்ய, மற்றவர் சரிபார்க்க வேண்டும். கடைசியில் திறப்பது ஒன்றே ஒன்று.

இங்கேதான் ஓர் அழகான தந்திரம். ஆரக்கிள் விலையை இலக்கம் இலக்கமாகக் கையெழுத்திடட்டும்: 4, 3, 7, 1, 2. விலை 60,000-ஐத் தொட்டால் பணம் முழுவதும் ஒருவருக்கு, 40,000-க்குக் கீழே இறங்கினால் மற்றவருக்கு என்று ஒப்பந்தம். முதல் இலக்கம் 8 என்றால் மீதி நான்கை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆக 0, 1, 2, 3, 6, 7, 8, 9 என்று எட்டே பூட்டில் எண்பதாயிரம் விலைகள் அடங்கிவிடுகின்றன.

நடுவிலுள்ள இருபதாயிரம்தான் தொல்லை. அங்கே விலைக்கேற்பப் பங்கு மாறும். சில்லறைக்குச் சண்டை வேண்டாம், நூறு டாலருக்கு ஒருமுறை மாறினால் போதும் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் முதல் மூன்று இலக்கமே போதும். 4, 3, 7 ஆகியவற்றின் நிழல்களைக் கூட்டினால், 43,700 முதல் 43,799 வரைக்கும் ஒரே பூட்டு. இப்படி 200. அந்த எட்டையும் சேர்த்தால் 208.

நடைமுறையில் இதை இரும எண்களில்தான் செய்கிறார்கள், சூட்சுமம் ஒன்றுதான்.

ஆரக்கிளுக்கு இது எதுவும் தெரியாது. அவர் ஐந்து இலக்கத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறார். அது எத்தனை பேருடைய பூட்டைத் திறந்தது என்பதும் அவருக்குத் தெரியாது.