முழங்கை மூட்டு

பூக்காரி முழங்கையின் முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை நீட்டி, ஒரு முழம் என்று அளந்து தருகிறாள். அந்த முனை எது என்று தொட்டுப் பார்த்ததுண்டா, மாணவர்களே? அது அல்னா என்னும் எலும்பின் மேல்நுனியாகும்.

முழங்கையில் மூன்று எலும்புகள் கூடுகின்றன. மேலிருந்து வருவது மேற்கை எலும்பு. கீழிருந்து வருவன சுண்டுவிரல் பக்கத்து அல்னாவும், கட்டைவிரல் பக்கத்து ரேடியஸும். அல்னாவின் கொக்கி போன்ற முனை மேற்கை எலும்பின் உருளையைக் கவ்விக்கொண்டு, கதவின் கீலைப்போல் மடங்கி நிமிர்கிறது. கீல் மட்டுமே இருந்திருப்பின், பூட்டில் சாவியைத் திருப்புதற்குத் தோளையே சுழற்ற வேண்டியிருக்கும். அக்குறையைத் தீர்ப்பது ரேடியஸ். அதன் வட்டத் தலை, வளையம் போன்றதொரு நார்ப்பட்டைக்குள் நின்று சுழல்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, உள்ளங்கையை மேலும் கீழுமாகப் புரட்டிப் பாருங்கள். இவ்விரண்டாம் அசைவு விளங்கும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவ்வளையப் பிடிப்பு உறுதியாக இராது. கையைப் பற்றி வெடுக்கென்று இழுத்தால் ரேடியஸின் தலை நழுவிவிடும். மருத்துவர் சில நொடிகளில் அதனைச் சரிசெய்துவிடுவார். மேசை விளிம்பில் இடித்தால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருப்பது, எலும்பின் பின்புறம் தோலுக்கடியில் காப்பின்றி ஓடும் நரம்பின் குற்றம். டென்னிஸ் முழங்கை என்று ஒரு நோவும் உண்டு. மட்டையைத் தொட்டே அறியாத, துணி பிழியும் பெண்களுக்கும் கொத்தனார்களுக்கும் அது வருகிறது!

இவற்றினும் கொடியது ஒன்று. மேற்கை எலும்பு, மூட்டுக்குச் சற்று மேலே தட்டையாக மெலிந்திருக்கிறது. கையூன்றி விழும் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் அவ்விடமே முறியும். அதன் முன்புறத்தில்தான் கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாடி இறங்குகிறது. முறிந்த இடம் வீங்கும். வீக்கத்திற்கு இடங்கொடாமல் இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, முன்கைத் தசைகள் சில மணி நேரத்தில் மடியத் தொடங்கும். மடிந்த தசை சுருங்கி, விரல்களைக் கொக்கிபோல் வளைத்துவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கி எழுதினார்.

1988ஆம் ஆண்டில் என் மாணவன் ஒருவன், பத்து வயதினன், கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டியிருந்தார்கள். மாலையில் பார்க்கச் சென்றேன். "விரலெல்லாம் மரத்துப்போகுது, ஐயா" என்றான். "எலும்பு கூடும்போது அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்" என்று கூறிவிட்டு வந்தேன். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் நான். உடற்கூறும் ஓரளவு படித்தவன். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது காலம் கடந்திருந்தது.

கட்டிய பின்பு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலும், விரல் மரத்தாலும், வெளுத்துக் குளிர்ந்தாலும், பிறர் விரலை நிமிர்த்தும்போது தாங்கமுடியாமல் வலித்தாலும், யாரையும் கேட்டுக்கொண்டிராமல் கட்டைத் தோல் தெரியும்வரை தளர்த்திவிட்டு, அப்பொழுதே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரவென்று விடியும்வரை காத்திருக்கலாகாது.

அம்மாணவன் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டு, மறு ஆண்டு தேர்வு எழுதினான்.