பரணில் தூங்கும் டப்பா டி.வி., டிராயரில் கிடக்கும் பேட்டரி கட்டை: கண்ட இடத்தில் போட்டால் ஆபத்து!

"இருக்கட்டும், என்னிக்காவது ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்று பரணில் ஏற்றிய டப்பா டி.வி., ஓடாத மிக்சி, எரிந்துபோன அயன் பாக்ஸ். டிராயரைத் திறந்தால் பழைய செல்போன், ரிமோட்டில் இருந்து கழற்றிய பேட்டரி கட்டை. சென்னையில் பல வீடுகளில் இதுதான் நிலவரம்.

போகி வந்தால் பரண் காலியாகும். பாதி குப்பைத் தொட்டிக்கு. மீதி காயலான் கடைக்கு. அதன் பிறகுதான் வினையே ஆரம்பம்!

ஒன்றரைக் கோடி டி.வி.

தமிழக அரசு 2006 முதல் 2011 வரை கொடுத்த இலவச கலர் டி.வி.க்கள் மட்டுமே ஒன்றரைக் கோடிக்கும் மேல். படக்குழாய் வைத்த பெட்டிகள் அவை. அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. 2011-ல் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வரத் தொடங்கின. வயதாகி அவையும் வீட்டை விட்டு வெளியேறும் காலம் இது.

கரும்புகை

பழசை உடைப்பவருக்கு வேண்டியது செம்பு. ஒயரின் மேலுறையை உரிக்க நேரமாகும் என்று கொளுத்தி விடுபவர்கள் உண்டு. பி.வி.சி. உறை எரியும் புகையில் டயாக்சின் என்ற நச்சு கிளம்புகிறது. அது முதலில் போவது, நாலு காசுக்காக அங்கே நிற்கும் தொழிலாளியின் நெஞ்சுக்குள்தான். ஈயக் கண்ணாடிக்கு விலை கிடையாது. அது காலி மனையில் போய் விழுகிறது.

குபீர் தீ

செல்போன், பவர் பேங்கில் இருப்பது லித்தியம் பேட்டரி. குப்பை லாரியில் நசுங்கினால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி குபீரென்று தீப்பிடிக்கும். உப்பிப்போன பேட்டரியைக் குத்திப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம்.

பொத்தான் பேட்டரி இன்னும் பொல்லாதது. குழந்தை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்திலேயே உணவுக் குழாயைப் பொசுக்கத் தொடங்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்வெர்ட்டருக்கு மட்டும் மவுசு

இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் யாரும் தெருவில் எறிவதில்லை. ஏன்? பழசைக் கொடுத்தால் புதுசுக்கு விலை குறைகிறது! சின்ன பேட்டரிக்கு அந்த மவுசு இல்லை. அதனால்தான் அது தொட்டிக்குப் போகிறது.

சட்டம் சொல்வது

பேட்டரி கழிவு விதிகள் 2022-ல் வந்தன. மின்னணு கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தன. மறுசுழற்சிக்குப் பொறுப்பு பொருளைத் தயாரித்த கம்பெனிக்கே என்கின்றன இவை. பொருளின் மீது குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டி படம் இருந்தால், 'தொட்டியில் போடாதே' என்று அர்த்தம்.

உலகம் முழுவதும் 2022-ல் சேர்ந்த மின்னணு கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா. அறிக்கை.

என்ன செய்யலாம்?

* பழைய பேட்டரிகளைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தனியாகச் சேர்க்கவும்.
* லித்தியம், பொத்தான் பேட்டரிகளின் முனையில் டேப் ஒட்டவும்.
* புதுசு வாங்கும்போது, "பழசை எடுத்துக்குவீங்களா?" என்று கடையில் கேட்கவும்.
* மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுக்கவும். தெருவாசிகள் சேர்ந்து கொடுத்தால் வண்டிக்கும் கட்டுப்படியாகும்.
* செல்போனைக் கொடுக்கும் முன் சிம் கார்டை எடுத்து, படம், பேங்க் விவரங்களை அழித்து விடவும்.

போகித் தீயில் பழைய ஒயரையும் பேட்டரியையும் போட வேண்டாம். பரணில் இருந்து இறங்கும் விஷம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூச்சில் ஏற வேண்டாமே!