ஒரே அலைவரிசையில் நான்கைந்து சேனல்கள்

அமெரிக்காவில் கூரை ஆன்டெனாவில் டிவி பார்ப்பவர்களுக்கு 4.1, 4.2, 4.3 என்று புள்ளி வைத்த சேனல் எண்கள் பழகிப்போனவை. ஒரே நிலையம், ஒரே கோபுரம், ஒரே அலைவரிசை. ஆனால் ஒன்றில் செய்தி, ஒன்றில் பழைய படம், மற்றொன்றில் வானிலை.

அலைவரிசையைக் கீற்றாக நறுக்கிச் சேனலுக்கு ஒன்றாகப் பங்கு போட்டிருப்பார்கள் என்று தோன்றும். நறுக்குவதே இல்லை. நிலையத்துக்குக் கிடைப்பது 6 மெகாஹெர்ட்ஸ் அகலம். அனலாக் காலத்தில் ஒரே நிகழ்ச்சி அதை முழுக்க அடைத்துக்கொண்டது. முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12-க்குள் அனலாகை நிறுத்தின. இன்று அதே அகலத்தில் நொடிக்கு 19.39 மெகாபிட் தரவு போகிறது. சுருக்காத எச்டி படத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபிட் வேண்டும். முந்தைய காட்சியிலிருந்து மாறியதை மட்டும் பெரும்பாலும் அனுப்பும் எம்பெக்-2 முறை, அதைப் பத்துப் பதினைந்து மெகாபிட்டுக்குள் அடக்கிவிடுகிறது. மிச்ச இடத்தில் மற்ற சேனல்கள் ஏறிக்கொள்கின்றன.

ஏறும் விதம்தான் அழகு. எல்லாச் சேனல்களின் படமும் ஒலியும் 188 பைட் பொட்டலங்களாகின்றன. நொடிக்குச் சுமார் 12,900. ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 71 என்ற மதிப்புதான். பொட்டலம் எங்கே தொடங்குகிறது என்பதை டிவி அதை வைத்தே பிடிக்கிறது. அடுத்த மூன்று பைட்டுகளுக்குள் 13 பிட்டில் ஓர் அடையாள எண். முதல் சேனலின் படத்துக்கு 49, ஒலிக்கு 52 என்று வைத்துக்கொள்வோம். எந்த எண் எந்தச் சேனலுடையது என்ற அட்டவணையும் இடையிடையே வந்துகொண்டே இருக்கும். நீங்கள் 4.1-ஐ அழுத்தினால், டிவி 49-ஐயும் 52-ஐயும் பொறுக்கி எடுத்து மற்றதை விட்டுவிடும். 4.2-க்கு மாறும்போது ட்யூனர் அசைவதே இல்லை. பொறுக்கும் எண்தான் மாறுகிறது.

4 என்பதுகூட அட்டவணை சொல்லும் பெயர்தான். லாஸ் ஏஞ்சலஸின் கேஎன்பிசி நிலையம் பார்ப்பவருக்கு 4. உண்மையில் ஒளிபரப்பாவது 36-இல்.

பங்கீடும் நிலையானதல்ல. ஒரு சேனலில் செய்தியாளர் அசையாமல் வாசிக்க, மற்றொன்றில் கால்பந்து ஓடினால், கலக்கும் கருவி செய்தியிலிருந்து பிட்டுகளை எடுத்துக் கால்பந்துக்குத் தரும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் பரபரத்தால் எடுத்துத் தர எதுவும் மிஞ்சாது. விளம்பர வருமானத்துக்காக ஏழெட்டுச் சேனல்களைத் திணிப்பது பார்வையாளருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்: அருவி விழும்போதும் கூட்டம் துள்ளும்போதும் படம் கட்டம் கட்டமாக உடைவது பெரும்பாலும் அதனால்தான்.