மயில் துத்தம் ஏன் வெளுக்கிறது?

திராட்சைக்கும் தென்னைக்கும் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தயாரிக்கும் விவசாயிகளுக்கு மயில் துத்தம், அதாவது காப்பர் சல்பேட் படிகம், பழகிய பொருள். பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூட நனைக்காத நீலக் கல். ஆனால், 100 கிராம் மயில் துத்தத்தில் சுமார் 36 கிராம் தண்ணீர்தான்!

சோதனைக் குழாயில் கொஞ்சம் போட்டு, குழாயின் வாயைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து மெல்லச் சூடாக்கினால் அது வெளிப்படும். நீலம் வெளிறும். பளபளத்த படிகம் உதிர்ந்து வெண்பொடியாகும். குழாயின் வாய்ப்பக்கம் முத்து முத்தாக நீர் கோக்கும். அந்த நீர் சூடான அடிப்பகுதிக்கு வழிந்தால் கண்ணாடி விரிசல் விடும். அதனால்தான் சாய்த்துப் பிடிக்கிறார்கள்.

மழைக்காலத்தில் உப்பு கசிவதுபோல மேலே ஒட்டிய ஈரமில்லை இது. ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் என்பது படிகத்தின் கணக்கு. நான்கு, காப்பர் அயனியைச் சுற்றிப் பிணைந்திருக்கும். ஐந்தாவதை ஹைட்ரஜன் பிணைப்பு பிடித்திருக்கும். சூடேற்றினாலும் ஐந்தும் ஒரே மூச்சில் கிளம்புவதில்லை. முதலில் இரண்டு, அடுத்து இரண்டு. பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். இங்கே கடைசி மூலக்கூறு வெளியேற ஏறக்குறைய 200 டிகிரி வேண்டும்.

நீல நிறத்துக்கும் காரணம் இந்தத் தண்ணீரே. நீர் சூழ்ந்த காப்பர் அயனி சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் நமக்கு நீலம் தெரிகிறது. நீர் போனதும் உறிஞ்சல் அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். நம் கண்ணுக்கு வெள்ளைதான் மிஞ்சும்.

ஆறிய பொடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும், குழாயும் சுடும். நீரைப் பிரிக்கச் செலவழித்த வெப்பம், அது சேரும்போது வெளியே வருகிறது. ஒரு திரவத்தில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் இந்தப் பொடி உதவுகிறது.

எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டிலும் நடப்பது இதுதான். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் வறுத்தால், அதன் படிக நீரில் முக்கால் பங்கு போய் பாரிஸ் சாந்து கிடைக்கும். நனைத்துக் காலில் சுற்றியதும் இழந்த நீரை ஏற்று மறுபடி ஜிப்சமாக இறுகும். கட்டுப் போட்ட சில நிமிடங்களில் உள்ளே சூடாகத் தெரிந்தால் பதற வேண்டாம்: உலையில் அந்தக் கல் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.